எட்டாவது கழுவல்

பன்னிரண்டு கழுவல் என்றுதான் சொல்கிறார், திரையிலும் பன்னிரண்டு என்றுதான் இருக்கிறது, நீல எழுத்தில், அரை ஆள் உயரத்துக்கு... வரிசையின் நடுவில் வந்து உட்கார்ந்தது என் முட்டாள்தனம், ஓரமாக உட்கார்ந்திருந்தால் தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி நழுவியிருக்கலாம், இப்போது இடப்பக்கம் நான்கு பேர், வலப்பக்கம் ஆறு பேர், எல்லார் முழங்காலும் முன் நாற்காலியில் இடித்துக்கொண்டிருக்கிறது, ஒவ்வொருவராக எழுப்பிவிட்டுப் போனால் மேடையில் நிற்கிற டாக்டரம்மா பேச்சை நிறுத்தி, "என்ன அண்ணே, உடம்பு சரியில்லையா?" என்று மைக்கிலேயே கேட்பார், அப்படிப்பட்டவர்தான் அவர், மூன்று வருஷமாக ஒரே ஆய்வகத்தில் இருக்கிறோம், ஒருநாளும் என்னை வெறும் டெக்னீஷியன் என்று யாரிடமும் அறிமுகப்படுத்தியதில்லை. ஏசி நேராக என் கழுத்தில் ஊதுகிறது, இருந்தும் வேர்க்கிறது. முன்வரிசையில் இயக்குநர், அவருக்குப் பக்கத்தில் கம்பெனிக்காரர்கள் மூன்று பேர், மதியம் அவர்கள்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகிறார்கள், அவர்களுக்குப் புரியவேண்டுமே என்று டாக்டரம்மா மாவு உதாரணத்துக்கு வந்துவிட்டார், பிசைந்த மாவில் ஒரு சாவியை அழுத்தி எடுத்தால் அதன் அச்சு மாவில் நிற்குமல்லவா, அந்தப் பள்ளத்தில் அதே சாவிதான் சரியாக உட்காரும், இன்னொன்று உட்காராது, அதேபோல இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசிகிற ஒரு புரதத்தைச் சுற்றிப் பாலிமரை வளரவிட்டு, பிறகு அந்தப் புரதத்தைக் கழுவி எடுத்துவிட்டால், பாலிமர் மணிகளில் அந்தப் புரதத்தின் வடிவத்தில் பள்ளங்கள் மிஞ்சும், ரத்தத்தில் ஆயிரம் புரதங்கள் ஓடினாலும் மணி அந்த ஒன்றை மட்டும் அடையாளம் கண்டு பிடித்துவைத்துக்கொள்ளும்... கம்பெனிக்காரர்கள் தலையாட்டுகிறார்கள். நல்ல உதாரணம். சாவியை மாவிலேயே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கமாட்டார்களா? மூன்று பேரில் ஒருவருக்காவது தோன்றாதா?

சாவியை எடுப்பது என் வேலை. அதனால்தான் ஆராய்ச்சி மாணவர்கள் எனக்குச் சலவை அண்ணன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், "சலவை அண்ணே, என் சட்டையையும் போட்டு எடுங்க" என்பார்கள், நானும் சிரிப்பேன், பிடிக்காமல் இல்லை, பாலிமரைச் சமைக்கிறவர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள், பொறுமையாகக் கழுவுகிறவன் நான் ஒருவன்தான். அவர்கள் பேட்ச் என்பதை நான் ஈடு என்பேன், அடுப்பிலிருந்து இறக்குகிற ஈடு மாதிரிதானே, ஒரு ஈடு மணிகள், மணி என்றால் கண்ணுக்குத் தெரியாது, குழாயின் அடியில் தயிர்த் துளி மாதிரி வெள்ளையாகத் தேங்கியிருக்கும், அமிலமும் சோப்பும் கலந்த தண்ணீரை அதில் ஊற்றி அரைமணி நேரம் ஆட்டவேண்டும், பத்து நிமிஷம் சுழற்றவேண்டும், மணிகள் அடியில் படிந்ததும் மேல் தண்ணீரைக் கொட்டவேண்டும், அது ஒரு கழுவல், நாற்பது நிமிஷம், அப்படிப் பன்னிரண்டு. பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர முடியாது, ராத்திரி முழுக்க அமிலத்தில் கிடந்தால் பள்ளங்கள் கோணிப்போகும், ஆரம்பித்த நாளிலேயே முடிக்கவேண்டும், காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால் சாயந்தரம் ஆறு ஆகும். ஒவ்வொரு கழுவலுக்கும் நோட்டில் ஒரு கட்டம், கட்டத்தில் ஒரு டிக். முதல் எட்டு ஈடுகளில் அந்த டிக்குகள் எல்லாம் உண்மை. எட்டு ஈடு, தொண்ணூற்றாறு கழுவல், என் கை மரத்துப்போகும், சோப்பு வாசனை சாப்பாட்டில் வரும், ஆனால் ஒன்றைக்கூட விடவில்லை. அப்போது அக்கா நன்றாக இருந்தாள்... நன்றாக என்றால், வீட்டுக்குள் இருந்தாள், கதவைத் திறந்துவைத்தாலும் வீட்டுக்குள் இருந்தாள்.

அத்தான் போன பிறகு அக்கா என்னிடம் வந்தாள், நானும் கல்யாணம் செய்துகொள்ளாதவன், இரண்டு பேருக்கும் ஒரு வீடு போதும் என்று இருந்தோம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் உட்கார்ந்தவள், ஊரில் பாதிப் பேருடைய நம்பர் மனப்பாடம், இப்போது என் பெயர் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை, நான் வாசலில் நின்றால் "எந்த நம்பர் வேணும்?" என்று கேட்கிறாள், தயவாகத்தான் கேட்கிறாள், குரலில் அந்தப் பழைய மரியாதை அப்படியே இருக்கிறது. பார்த்துக்கொள்ள வருகிற பெண் நாலு மணிக்குப் போய்விடுவாள், அவளுக்கும் வீடு இருக்கிறது, குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வரும். ஒருநாள் நான் வருவதற்குள் அக்கா சிக்னலில் போய் நின்றுவிட்டாள், நான்கு பக்கமும் வண்டிகள் ஹாரன் அடிக்க, நடுவில் நைட்டியோடு, பழக்கடைக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். மறுநாளிலிருந்து வெளிப்பக்கம் பூட்டு. நாலு மணிக்கு அந்தப் பெண் பூட்டிவிட்டுப் போவாள், ஆறரைக்கு நான் போய்த் திறப்பேன், இரண்டரை மணி நேரம்... முதல் நாள் திறந்தபோது அக்காவின் உள்ளங்கை இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது, கதவை அவ்வளவு நேரம் தட்டியிருக்கிறாள், பக்கத்து வீட்டம்மா "நாங்க எப்படிங்க அதைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது?" என்றார், சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை, அழுகிற மாதிரி இருந்தார். நான் டாக்டரம்மாவிடம் கேட்டேன், கேட்காமல் இல்லை, "நாலு மணிக்குள்ள வீட்டுக்குப் போகணும், கொஞ்ச நாளைக்கு மூன்றரைக்குக் கிளம்பலாமா?" என்றேன், ஏன் என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ, அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் "பேட்ச் முடிஞ்சா தாராளமா கிளம்புங்க அண்ணே" என்றார். பேட்ச் முடிஞ்சா. அன்றைக்கு ஒன்பதாவது ஈடு, மூன்று மணிக்கு எட்டாவது கழுவல் முடிந்திருந்தது, கடைசி நான்கு கழுவலில் என்ன பெரிதாக வந்துவிடப் போகிறது, மேல் தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது, கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே... நான்கு டிக், ஒரே மூச்சில். பிறகு பத்தாவது ஈடு, பதினொன்றாவது ஈடு. பதினொன்றாவதில் டிக்குகள் ரொம்ப அழகாக இருக்கும்.

கைதட்டுகிறார்கள், எதற்கு? பத்தொன்பது. திரையில் பத்தொன்பது சின்ன மனித உருவங்கள், சிவப்பில். பக்கத்து பஸ் டிப்போவிலிருந்து எழுபத்திநாலு பேர் ரத்தம் கொடுத்தார்கள், அதில் பத்தொன்பது பேருக்கு இதயத்தில் ஆரம்பக் காயம், வேறு எந்தப் பரிசோதனையிலும் தெரியாத காயம், நம் மணிகள் மட்டும் கண்டுபிடித்தன என்கிறார் டாக்டரம்மா, குரல் லேசாக உடைகிறது, பாவம், மூன்று வருஷம். எழுபத்திநாலில் இருபத்திநாலு பேருக்கு எட்டாவது ஈட்டில் பார்த்தார்கள், அதில் ஒருவருக்குத்தான் வந்தது. மீதி ஐம்பது பேருக்கு என்னுடைய அந்த மூன்று ஈடுகள், அதில் வந்தது பதினெட்டு பேருக்கு. இந்தக் கணக்கை இவ்வளவு படித்தவர்களில் ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை, ஈடு எண் நோட்டில்தானே இருக்கிறது, திரையில் இல்லையே, நானும் போட்டுப் பார்த்திருக்கமாட்டேன், முந்தாநாள் டிரைவர் அண்ணன் என் கையைப் பிடிக்காமல் இருந்திருந்தால்... தினமும் நான் ஏறுகிற பஸ்ஸை ஓட்டினவர், அக்கா விஷயம் இந்த ஊரில் தெரிந்த நாலு பேரில் ஒருவர், நான் ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தால் அரை நிமிஷம் நிறுத்திவைப்பார், நான்தான் அவரிடம் போய்ச் சொன்னேன், ஒரு டியூப் ரத்தம்தானே அண்ணே, நல்ல காரியம், கொடுங்க என்று. இரண்டு மாதமாகப் பஸ்ஸில் வேறு ஆள், லீவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நினைத்துக்கொள்ளத்தான் எவ்வளவு சுலபமாக இருந்தது, முந்தாநாள் டிப்போ வாசல் கூண்டுக்குள்ளிருந்து கூப்பிடுகிறார், "லேப் சார்!" எங்கள் ஆய்வகத்து ரிசல்ட் பேப்பரைப் பார்த்துவிட்டு வண்டி ஓட்டக்கூடாது என்று எடுத்துவிட்டார்களாம், கேட்டில் உட்கார்த்திவிட்டார்களாம், உள்ளே வருகிற வண்டி, வெளியே போகிற வண்டி, நம்பர் எழுதுகிற வேலை. நான் வாயைத் திறப்பதற்குள் ஜன்னல் வழியாக என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், "பெரிய ஆஸ்பத்திரியில எல்லா டெஸ்டும் எடுத்தாங்க சார், ஒண்ணுமே தெரியல, அதனாலதான் உங்க மணி ஒசத்தின்னு டாக்டரே சொன்னாரு. அறுபது பேரை ஏத்திக்கிட்டுப் போறப்ப நெஞ்சைப் புடிச்சிட்டுச் சாஞ்சிருந்தா? நீங்க என்னை மட்டுமா சார் காப்பாத்தினீங்க?" அவர் கண்ணில் தண்ணீர். நான் என்ன சொன்னேன்? "உடம்பைப் பாத்துக்குங்க" என்றேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்! நேற்று மூன்று மணிக்கு, எல்லோரும் இந்த மண்டபத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது, பதினொன்றாவது ஈட்டிலிருந்து ஒரு துளி எடுத்து, ரத்தமே இல்லாமல், வெறும் உப்புத் தண்ணீரில் போட்டு, அந்தப் புரதம் இருந்தால் கோட்டை எழுப்பிக் காட்டுகிற மெஷினில் ஓட்டினேன். உப்புத் தண்ணீருக்கு இதயம் கிடையாது. கோடு சமமாகப் போய்க்கொண்டிருந்தது, போய்க்கொண்டே இருந்தது, எனக்கு உயிர் வந்தது, பிறகு மெல்ல எழும்ப ஆரம்பித்தது, டிரைவர் அண்ணனுடைய கோடு எழும்பிய அதே இடத்தில்.

"...எங்க அண்ணன்" என்று மைக்கில் கேட்கிறது, தலைகள் திரும்புகின்றன, "அவர் கை இல்லைன்னா இந்த மணிகள் இல்லை. பன்னிரண்டு தடவை, ஒவ்வொரு பேட்சுக்கும், அவர் ஒருத்தரே. அண்ணே, எழுந்திரிங்க." எழுந்தேன், வேறென்ன செய்வது, வெளியே போக வழியில்லாத வரிசையில் எழுந்து நிற்க மட்டும் இடமிருந்தது, யாரோ கம்பியில்லாத மைக் ஒன்றைக் கைமாற்றிக் கைமாற்றி என்னிடம் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள், இயக்குநர் "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று கையசைக்கிறார். இரண்டு வார்த்தை. எட்டு தடவை. இரண்டு வார்த்தைதான், எவ்வளவு சரியாக அமைந்திருக்கிறது, சொல்லிவிட்டால் முடிந்தது, ஆனால் எது முடியும், டாக்டரம்மாவின் மூன்று வருஷம் முடியும், என் வேலை முடியும், வேலை முடிந்தால் அந்தப் பெண் வரமாட்டாள், அக்காவோடு நானே வீட்டில் இருக்கலாம், நாள் முழுக்க, அதற்குப் பூட்டுகூட வேண்டாம்... மைக்கில் என் மூச்சு மண்டபம் முழுக்கக் கேட்கிறது. "எல்லாருக்கும் நன்றி" என்றேன். அதுவும் இரண்டு வார்த்தை. கைதட்டினார்கள், நெகிழ்ந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள், பக்கத்தில் இருந்தவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார், டாக்டரம்மா மேடையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மட்டும் கைதட்டவில்லை. கையில் மைக் இருந்தது, அதனால்தான் தட்டவில்லை... அதனால்தானா?

இடைவேளையில் எல்லோரும் டீக்குப் போனார்கள், நான் ஆய்வகத்துக்கு வந்து என் தொட்டிக்கு முன்னால் நின்றேன், காலிக் குழாய்களை எடுத்து வைத்தேன், திரும்பவும் அதையே எடுத்து வைத்தேன். பின்னால் கதவு சாத்திக்கொண்டது, டாக்டரம்மா. சேலை முந்தானையில் பெயர் அட்டை இன்னும் குத்தியிருந்தது. "நேத்து மூணு மணிக்கு மெஷின்ல உப்புத் தண்ணி ஓட்டினது யாரு அண்ணே?" என்றார், சாதாரணமாக, சாவி எங்கே வைத்தீர்கள் என்று கேட்பதுபோல. மெஷின் எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொள்ளும் என்பதை நான் மறந்தே போனேன். "நான்தான்" என்றேன். "எத்தனை தடவை கழுவினீங்க?" "எட்டு." "எந்த எந்த பேட்ச்?" "ஒன்பது, பத்து, பதினொண்ணு." அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நின்றேன், அவர் தன் கைவிரல்களை விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "காலையில அஞ்சு மணிக்குத்தான் பார்த்தேன். பேச்சைத் திருத்தலாம்னு மெஷின் கோப்பைத் திறந்தேன்" என்றார். அப்படியென்றால் மேடையில் பன்னிரண்டு என்று சொன்னபோது அவருக்குத் தெரியும், பத்தொன்பது என்று சொன்னபோது குரல் உடைந்தது, அப்போதும் தெரியும், என்னை எழுந்து நிற்கச் சொன்னபோது... "ஏன் அண்ணே?" என்றார். அக்காவைப் பற்றிச் சொன்னேன், பூட்டைப் பற்றி, உள்ளங்கையைப் பற்றி, மூன்று வருஷத்தில் சொல்லாததை மூன்று நிமிஷத்தில் சொன்னேன், அவர் கண்ணை மூடிக்கொண்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே." "கேட்டேன் டாக்டரம்மா." "எப்போ?" அவருக்கு நினைவில்லை. நான் நினைவுபடுத்தவில்லை. வெளியே யாரோ அவரைத் தேடிக் கூப்பிட்டார்கள், அவர் எழுந்து தாழ்ந்த குரலில், "இன்னைக்கு எதுவும் சொல்லாதீங்க. கையெழுத்து ஆகட்டும். அடுத்த பேட்ச் நானே நின்னு பன்னிரண்டும் கழுவுறேன், எல்லா ரத்தத்தையும் திரும்ப ஓட்டிடலாம், ஆறு மாசத்துல சரியாயிடும், யாருக்கும் தெரியவேண்டாம்" என்றார். "அதுவரைக்கும் அந்தப் பதினெட்டு பேர்?" என்றேன். "அவங்களுக்கு ஓய்வுதானே கொடுத்திருக்காங்க, ஊசியா போட்டாங்க?" என்று சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே பிடிக்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். கதவு வரை போய் நின்று, "நோட்டுல டிக் எல்லாம் உங்க கையெழுத்துதான், இல்லையா அண்ணே?" என்று கேட்டார். மிரட்டலா? இல்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்காகப் பயந்து கேட்டார்... அல்லது தனக்காகப் பயந்து... எழுந்து நிற்கச் சொல்லி இருநூறு பேருக்கு என் முகத்தைக் காட்டியது அன்பினாலா, நாளைக்கு யார் என்று கேட்டால் இவர்தான் என்று காட்டுவதற்கா, இரண்டுமே ஒரே நேரத்தில் ஒரு மனசில் இருக்கமுடியாதா, என் மனசில் இல்லையா, அக்காவின் மேல் உள்ள பாசமும் அந்தப் பூட்டும்?

படி இறங்கிவிட்டேன், பையைக்கூட எடுக்கவில்லை, எங்கே போகிறேன் என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது. வெயில். ஆய்வகத்துக்கும் டிப்போவுக்கும் நடுவில் ஒரு மதில்தான், ஆனால் சுற்றிக்கொண்டு போகவேண்டும், அந்தச் சுற்றில் பத்து தடவை திரும்பிவிடலாம் என்று நினைத்தேன், சொன்னால் அவர் டிப்போ மேனேஜரிடம் சொல்வார், மேனேஜர் இயக்குநருக்குப் போன் போடுவார், கையெழுத்துப் போடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடும், என் நோட்டை மேஜையில் விரிப்பார்கள், அவ்வளவுதான்... ஆனால் அவர் திரும்ப வண்டியில் ஏறுவார், அந்தப் பெரிய ஸ்டியரிங்கைப் பிடிப்பார், அது நடக்கும், அது ஒன்றாவது நடக்கும், அதை நினைத்தபோது நெஞ்சில் ஒரு கல் நகர்ந்த மாதிரி இருந்தது, காலை எட்டிப் போட்டு நடந்தேன். கூண்டு என்றுதான் சொல்லவேண்டும், நாலடிக்கு நாலடி, மூன்று பக்கம் தகரம், ஒரு ஜன்னல், உள்ளே ஒரு ஸ்டூல், தலைக்கு மேலே மின்விசிறி. இருபத்தாறு வருஷம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தகரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க லேப் சார், விழாவாமே அங்க, கைதட்டல் இங்க வரைக்கும் கேட்டுச்சு."

"அண்ணே, அந்த டெஸ்ட் தப்பு."

"எந்த டெஸ்ட்?"

"உங்களுக்கு எடுத்தது. மெஷின்ல வந்தது உங்க ரத்தத்துலேர்ந்து வந்ததில்ல. மணியில ஏற்கெனவே ஒட்டிக்கிட்டிருந்ததுதான் வந்திருக்கு. நான் சரியா கழுவல. பன்னிரண்டு தடவை கழுவவேண்டியதை எட்டு தடவையோட நிறுத்திட்டேன். வீட்டுக்கு ஓடினேன்."

ஒரு வண்டி வந்து வாசலில் நின்றது. அவர் கையை நீட்டி வாசல் தடுப்புக் கம்பைத் தூக்கினார், நம்பரை எழுதினார், நேரம் எழுதினார், கம்பை இறக்கினார். அந்த நேரம் முழுக்க நான் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன், தகரம் சுட்டது, கையை எடுக்கத் தோன்றவில்லை. அடிப்பாரா? எட்டிச் சட்டையைப் பிடிப்பாரா? அவர் பேனாவை மூடினார். அக்காவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை, எதற்காக ஓடினேன் என்பது அவருக்குத் தெரியும்.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்ல?" என்றார்.

ஒண்ணுமில்ல என்று சொல்லத்தானே வந்தேன், வழியெல்லாம் அந்த ஒரு சொல்லைத்தானே தூக்கிக்கொண்டு வந்தேன், வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் அவர் சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார்.

"அப்ப படி ஏறினா இங்க புடிக்குதே, அது?"

"எப்பத்துலேர்ந்து?"

"உங்க பேப்பர் வந்ததுலேர்ந்து."

"அதுக்கு முன்னாடி?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், விரலை எடுக்காமல், ஏதோ ஒரு பழைய வளைவை, ஒரு மேட்டை ஞாபகப்படுத்திப் பார்க்கிறவர் மாதிரி. "அதுக்கு முன்னாடி நான் கவனிச்சதில்ல, லேப் சார்" என்றார். "இருந்துதா, இல்லையா... நீங்க சொல்லுங்க." பின்னால் இன்னொரு வண்டி ஹாரன் அடித்தது. அழுக்கு மணிகளால் உனக்கு நோய் இருக்கிறது என்று சொல்லமுடியாது, சரி, இல்லை என்று மட்டும் சொல்லமுடியுமா என்ன, அந்தப் பதினெட்டு பேரில் ஒருவருக்கு உண்மையாகவே இருக்கலாம், எந்த ஒருவருக்கு என்று எனக்கு எப்படித் தெரியும், இவர் உடம்பை இவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறேன், என் கையில் அது எப்போது இருந்தது... அவர் கம்பைத் தூக்கவில்லை. ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. விரல் அதே இடத்தில் இருக்க, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.